ரீச்சரிடம் கேளுங்கள்: பொத்தான் வைத்த செபமாலை

போன இதழின் கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் ஒரு வரி சேர்த்திருந்தேன். எந்தப் பொருளைக் கண்டால், அல்லது எந்தச் சின்ன வேலையைச் செய்யும்போது உங்களுக்கு ஆண்டவர் ஞாபகம் வருகிறது என்று எழுதுங்கள் என்று. கடிதங்கள் வந்தன, சந்தோஷம். ஆனால் முக்கால்வாசிப் பேர் பதில் எழுதாமல் என்னையே திருப்பிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு இது புதிதா என்ன. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஒருவருக்கும் பெயர் போடவில்லை, இடம் மட்டும்தான்.

உப்புவெளி வாசகி: ரீச்சர், அம்மா செத்து மூன்று வருடமாகிறது. அவவின் செபமாலை குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. அதை எடுத்து முழுசாகச் செபிப்பது குறைவு. ஆனால் வெளியே போகும்போது ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போவேன். தொடாமல் போன நாளில் பஸ்ஸில் இருக்கும்போது மனசு ஒரு மாதிரியாக இருக்கும். இது விசுவாசமா, வெறும் பழக்கமா?

பழக்கம்தான் தங்கச்சி. அதற்கு ஏன் வெட்கப்படுகிறீர்கள்? சின்ன வயதில் உங்கள் அம்மா உங்கள் வலது கையைப் பிடித்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோய்ச் சிலுவை அடையாளம் போடப் பழக்கினாவே, அப்போது பிதா யார் சுதன் யார் என்று உங்களுக்கு ஏதாவது விளங்கியிருக்குமா? கை முதலில் படித்துக்கொண்டது, மனசு நிதானமாகப் பின்னால் வந்தது. இது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதும் இல்லை. ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்னால் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் இருந்த தெர்த்துல்லியன் என்பவர் தன் காலத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்: வீட்டுக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும், செருப்புப் போடும்போதும், குளிக்கும்போதும், விளக்கேற்றும்போதும், சாப்பிட உட்காரும்போதும் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார்களாம். உங்கள் குசினிக் கதவும் அதே வரிசையில்தான் வருகிறது.

என் கதை ஒன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதில் முடியாது. என்னிடம் இருப்பதும் என் அம்மாவின் செபமாலைதான். கறுப்பு மர மணி, பாடுபட்ட சுரூபத்தின் மூக்கு தேய்ந்துபோய்விட்டது. 1990-இல் சண்டை தொடங்கி இடம்பெயர்ந்த நேரம், சாமான் மூட்டைக்குள் கிடந்து அறுந்து ஒரு மணி எங்கேயோ விழுந்துவிட்டது. செபமாலைக்கு மொத்தம் 59 மணி, அருள் நிறைந்த மரியேக்கு 53, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவேக்கு 6. ஒன்று குறைந்தால் கணக்குப் பிழைக்குமே என்று அம்மா அழுதா. அந்த நேரத்தில் அழுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது, ஆனால் அவ இதற்குத்தான் அழுதா. அப்பா ஒன்றும் பேசாமல் தன்னுடைய பழைய வெள்ளைச் சேட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிடுங்கி, தங்கூசி நூலில் கோத்து, அந்த இடைவெளியில் கட்டிக் கொடுத்தார். மூன்றாவது பத்தில் ஏழாவது மணி. நாலு ஓட்டை உள்ள பொத்தான், ஒரு ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். இரவில் செபமாலை சொல்லும்போது இரண்டாம் பத்திலேயே எனக்குக் கண் சொருகிவிடும். வாய் தன்பாட்டில் அருள் நிறைந்த மரியே சொல்லும், மனசு நாளைக்கு மீன் வாங்குவதா மரக்கறியா என்று போய்விடும். அப்போது விரல் வழுக்கிக்கொண்டு வந்து அந்தத் தட்டைப் பொத்தானில் முட்டும். முட்டியதும் முழிப்பு வரும். மற்ற 58 மணியும் சேர்ந்து செய்யாத வேலையை அந்த ஒரு பொத்தான் செய்கிறது. திருத்தித் தருகிறேன், நல்ல மணி இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. ஆணியில் தொங்குகிற எதுவும் கொஞ்ச நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போகும், சுவரோடு சுவராகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆணியை ஒரு சாண் தள்ளி அடியுங்கள். கை பழைய இடத்துக்குப் போய் வெறும் சுவரைத் தொடும், அந்த நிமிடம் நல்லது. அப்புறம், தொடாத நாளில் மனசு ஒரு மாதிரி என்கிறீர்களே, அது அம்மாவை நினைத்தா, அல்லது ஏதும் கெட்டது நடந்துவிடும் என்ற பயமா? அம்மாவை நினைத்து என்றால் ஒன்றுமில்லை. பயம் என்றால் செபமாலை மெல்ல மெல்லத் தாயத்தாக மாறிக்கொண்டிருக்கிறது, கவனம்.

அன்புவழிபுரம் வாசகர்: நான் ஓட்டோ ஓடுகிறேன் ரீச்சர். முன்னால் அந்தோனியார் சுரூபம், கண்ணாடியில் செபமாலை, பின்னால் 'இயேசு ஜீவிக்கிறார்' ஸ்டிக்கர். போன கிழமை ஏறிய ஒரு அண்ணன், வேறு சபைக்குப் போகிறவர், ஏறினதிலிருந்து இறங்குமட்டும் இதெல்லாம் விக்கிரகம் என்று பிரசங்கம். காசு எடுக்கும்போதுகூட நிறுத்தவில்லை. நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்?

மீதிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு "போட்டு வாங்கோ அண்ணை" என்று சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் அந்த அண்ணையின் பயத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது தம்பி. எண்ணாகமம் 21-ஐ வாசித்துப் பாருங்கள். பாம்பு கடித்துச் சனம் சாகிறபோது ஒரு வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் வை என்று மோசேக்குச் சொன்னது கடவுள்தான், பார்த்தவர்கள் பிழைத்தார்கள். அதே பாம்பைப் பல தலைமுறைக்குப் பிறகு எசேக்கியா அரசன் அடித்து நொறுக்கினான், அது 2 அரசர் 18:4-இல் இருக்கிறது. ஏன் என்றால் சனங்கள் அதற்கு நெகுஸ்தான் என்று பேர் வைத்து தூபம் காட்டத் தொடங்கிவிட்டார்கள். பொருள் அதேதான், ஒரு காலத்தில் மருந்து, இன்னொரு காலத்தில் நோய்.

உங்கள் அந்தோனியார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மடத்தடிச் சந்தியில் முன்னால் போகிற பஸ்ஸை முந்தவேண்டும் என்று கை துடிக்கும்போது என்ன நினைக்கிறீர்கள்? "அந்தோனியார் இருக்கிறார், ஒன்றும் ஆகாது" என்றா, "அந்தோனியார் பார்த்துக்கொண்டிருக்கிறார், மெல்லப் போவோம்" என்றா? முதலாவது என்றால் அது நெகுஸ்தான்.

1231-இல் செத்துப்போன அந்தப் பதுவைச் சந்நியாசியிடம் நம் சனங்கள் காணாமல் போன சாமானைத்தான் அதிகம் கேட்பார்கள். உங்கள் வண்டியின் பின் சீற்றில் யாரோ விட்டுப்போன குடையையும் போனையும் வீடு தேடிப் போய்க் கொடுத்த கதை ஏதும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். அந்தக் கண்ணாடிச் செபமாலையை மட்டும் கழற்றிச் சேட்டுப் பைக்குள் வையுங்கள். கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கிற எதுவும் ரோட்டை மறைக்கும்.

நகரப் பகுதியிலிருந்து ஒரு வாசகி: நான் சைவம். பக்கத்து வீட்டு அன்ரி குருத்தோலை ஞாயிறு அன்று ஓலையில் மடித்த சின்னச் சிலுவை ஒன்று தந்தா. மறுக்க மனமில்லை, சுவாமிப் படத்தட்டில் வைத்தேன். இப்போது காய்ந்துபோய்விட்டது. எறியலாமா?

எறியவேண்டாம், அன்ரியிடமே திருப்பிக் கொடுங்கள், ஏன் என்று அவவுக்குத் தெரியும். தவக்காலம் தொடங்க முன்னால் வீடுகளில் இருக்கிற போன வருடக் குருத்தோலைகளைக் கோயிலில் சேர்த்து எரிப்பார்கள். அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதன் அன்று, பழைய ஆட்கள் விபூதிப் புதன் என்பார்கள், எங்கள் நெற்றியில் பூசுவது. ஓசன்னா என்று ஆட்டின ஓலை அடுத்த வருடம் "நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்" என்று நெற்றிக்கு வருகிறது. உங்கள் வீட்டில் தினமும் பூசுகிறீர்கள், எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள். அன்றைக்குச் சாம்பலோடு நான் கடைக்குப் போனால் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறீர்களா ரீச்சர் என்று யாராவது ஒருவர் கேட்பார். இல்லை என்று சொல்லி விளக்கப்போனால் மீன் முடிந்துவிடும், அதனால் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

உங்கள் வீட்டுச் சுவாமித் தட்டில் ஒரு வருடம் இருந்த ஓலையும் அந்தச் சாம்பலில் சேரப்போகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மெதடிஸ்த சபை இளைஞர் ஒருவர்: கனடாவிலிருந்து மச்சாள் கையில் கட்டுகிற பட்டி ஒன்று அனுப்பினா. நாலு ஆங்கில எழுத்து இருக்கிறது, 'இயேசு என்றால் என்ன செய்வார்' என்று அர்த்தமாம். கட்டிக்கொண்டு போனால் நண்பர்கள் ஸ்டைல் காட்டுகிறாய் என்கிறார்கள். கழற்றவா?

டபிள்யூ, டபிள்யூ, ஜே, டீ. அந்தக் கேள்வி பட்டியைவிடப் பழசு தம்பி. 1896-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் சார்ல்ஸ் ஷெல்டன் என்ற போதகர் ஞாயிறு மாலைகளில் பிரசங்கத்துக்குப் பதிலாகத் தன் சபைக்கு ஒரு தொடர்கதையை வாசித்தார். ஒரு சபையார் ஒரு வருடத்துக்கு எதைச் செய்ய முன்னும் இயேசு என்ன செய்வார் என்று கேட்பதாக உறுதி எடுத்து, அதனால் வேலை, காசு, பேர் என்று ஒவ்வொன்றாகச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் கதை. சிக்கல்தான் அதில் முக்கியம். அப்புறம் 1989-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்ற ஊரில் ஒரு இளைஞர் குழுத் தலைவி தன் பிள்ளைகள் மறக்காமல் இருக்க அந்த எழுத்துகளைப் பட்டியில் நெய்வித்துக் கட்டிவிட்டா. அது உலகம் முழுக்கப் பரவி, கடைச் சாமானாகவும் ஆகிவிட்டது.

ஸ்டைலா இல்லையா என்று நண்பர்களுக்குத் தெரியவராது, உங்களுக்குத்தான் தெரியும். கடைசியாக எப்போது அந்தப் பட்டியால் உங்களுக்கு ஒரு நட்டம் வந்தது? திருப்பிச் சொல்ல வாய்வரைக்கும் வந்த ஒரு வார்த்தையை விழுங்கினீர்களா, கூடுதலாக வந்த மீதிக் காசைத் திருப்பிக் கொடுத்தீர்களா? ஒரு நட்டமும் இல்லை என்றால் அது வளையல். எண்ணாகமம் 15-இல் உடுப்பின் ஓரத்துக் குஞ்சத்தில் ஒரு நீல நூல் வைக்கச் சொல்லியிருக்கிறது, பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள. அந்தக் குஞ்சத்தையே நீளமாக்கி ஊருக்குக் காட்டினவர்களை இயேசு கண்டித்தது மத்தேயு 23-இல் வருகிறது. நண்பர்களின் பகிடி உண்மையிலேயே தொந்தரவு என்றால் பட்டியைக் கழற்றிவிட்டு, திருக்கடலூர் பக்கம் போய் வலை பொத்துகிற யாரிடமாவது ஒரு துண்டு நூல் வாங்கிக் கட்டுங்கள். எழுத்து இல்லை, அர்த்தம் உங்களுக்கு மட்டும் தெரியும். ஆனால் மச்சாளிடம் சொல்லவேண்டாம், தபால் செலவு செய்திருக்கிறா.

சாம்பல்தீவு வாசகி: இரண்டு சின்னப் பிள்ளைகள், வேலை, மாமியாருக்குச் சுகமில்லை. செபிக்க உட்கார்ந்தால் நித்திரை. காலையில் பாங்கு சத்தம் கேட்டுத்தான் எழும்புகிறேன், அப்போது "ஆண்டவரே" என்று ஒரு சொல் சொல்லுவேன், அவ்வளவுதான். இது கணக்கில் வருமா?

வரும். பள்ளிவாசலுக்கு நன்றி சொல்லுங்கள். நம்மூரில் காலையில் பாங்கு, கொஞ்சம் கழித்துக் கோவில் மணி, அப்புறம் எங்கள் கோயில் மணி. எதைக் கேட்டு எழும்பினால் என்ன? மூவேளைச் செபம் என்று காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என மணி அடித்தது எதற்கு? வயலிலும் குசினியிலும் நிற்கிறவர்கள் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் நிற்கத்தானே. உங்கள் வீட்டில் விசில் அடிக்கிற கேத்தல் இருந்தால் அதுவும் மணிதான்.

ஃபிரான்ஸில் 1691-இல் செத்துப்போன சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு துறவி இருந்தார். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை, அந்த வேலை இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காது. (எனக்கு இவரைப் பிடிப்பதே அதனால்தான்.) பிடிக்காத வேலையில் பல வருடம் நின்றுகொண்டு, சட்டிபானைச் சத்தத்துக்கு நடுவிலும் கோயிலில் முழங்காலில் இருப்பது மாதிரியே கடவுளோடு இருக்கப் பழகினேன் என்று சொன்னவர்.

உங்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு வேலை: பிடியரிசி. உங்கள் அம்மம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கத்தோலிக்கர் வீட்டிலும் இருந்தது, மெதடிஸ்தர் வீட்டிலும் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா அடுப்பை மூட்டமுன் பால்மா டின்னை எடுத்து அடுப்பங்கரையில் வைப்பா. மூன்று சுண்டு அரிசி அளந்து சுளகில் கொட்டுவா. பிறகு கையைத் திரும்ப அரிசிக்குள் விட்டு ஒரு பிடி அள்ளி, டின்னுக்குள் போடுவா. வெறும் டின் என்றால் கலகலவென்று சத்தம், வெள்ளிக்கிழமை ஆகும்போது சத்தம் அடங்கிவிடும். அந்தச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன கிழமை என்று நாங்கள் சொல்லுவோம். ஞாயிற்றுக்கிழமை டின் கோயிலுக்குப் போகும், அங்கேயிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். அளந்ததிலிருந்து எடுக்கவேண்டும், மூட்டையிலிருந்து தனியாக எடுக்கக்கூடாது, அதில் அம்மா கண்டிப்பு. எங்கள் சோற்றில் ஒரு பிடி குறைந்திருக்கவேண்டும். சாமான் இல்லாத காலத்தில் மூன்று சுண்டு ஒன்றரையானது, அப்போதும் பிடி எடுத்தா, கை மட்டும் கொஞ்சம் இறுகிப் பிடித்தது. அதை நான் பார்த்தேன் என்று அவவுக்குத் தெரியாது.

ஒரு நாளில் எப்படியும் சோறு சமைக்கிறீர்கள்தானே? தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். கூடவே அந்த "ஆண்டவரே"யையும் சொல்லுங்கள்.

மூதூர் வாசகர்: மடுவுக்குப் போனபோது கொண்டுவந்த மண் ஒரு பொட்டலத்தில் இருக்கிறது. பாம்புக் கடிக்கு நல்லது என்பார்கள். உண்மையா?

பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரி. விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது, மண்ணைப் பூசிக்கொண்டு ஒரு நிமிடமும் போக்காதீர்கள், மாதாவும் அதைத்தான் சொல்லுவா. பொட்டலத்தை எறியவும் வேண்டாம். 1670-இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன வரலாறு மடுவுக்கு உண்டு. ஓடிப்போய்த் தங்கின சனங்களின் மண் அது. நம்மில் ஓடாதவர்கள் யார்?

திருக்கடலூர் வாசகர்: 2004 சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். ஒன்றரை வயது மகனைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வீட்டில் மிஞ்சியது சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படம் மட்டும். அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர்க் கறை, மஞ்சளாக. இப்போது மகன் உழைக்கிறான், புதுப் படம் வாங்கி மாற்றுவோம், வருகிறவர்கள் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது என்கிறான். என்ன செய்ய?

மாற்றவேண்டாம் ஐயா. மகனுக்கு ஆசை என்றால் புதுப் படம் வாங்கட்டும், சிவப்பு பல்ப் போட்டு அவன் அறையில் வைக்கட்டும். முன் விறாந்தையில் பழையதுதான் இருக்கவேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். வருகிறவர்களிடம் அது அற்புதம் என்று சொல்கிறீர்களா? சொல்லாதீர்கள். உங்கள் ஒழுங்கையில் மற்ற வீடுகளிலும் இதே படம் இருந்தது, அந்த வீடுகளில் ஆட்களே திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பூசைக்குப் போனவர்களுக்கும் போகாமல் நித்திரை கொண்டவர்களுக்கும் ஒரே தண்ணீர்தான் வந்தது. ஏன் என்று எனக்கும் தெரியாது, யாராவது தெரியும் என்று சொன்னால் நான் அவரை நம்பமாட்டேன். உங்கள் படத்தில் நான் பார்ப்பது, அந்தத் தண்ணீர் அவர் நெஞ்சுவரைக்கும் வந்திருக்கிறது என்பதைத்தான்.

மகனுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, கறையின் மேல் விளிம்பு அவனுக்கு எங்கே வருகிறது என்று பாருங்கள். உங்களுக்கு எங்கே வருகிறது என்றும் பாருங்கள். அவனை எந்தத் தோளில் வைத்திருந்தீர்கள், எந்த ஒழுங்கையால் ஓடினீர்கள் என்பதை அப்போது சொல்லுங்கள், முன்னால் சொல்லியிருந்தாலும் இன்னொருமுறை.

பிறகு, சட்டத்தைத் துடைக்க ஈரத் துணி வேண்டாம், காய்ந்த துணி போதும். கறை கடதாசியில் ஊறியிருக்கிறது, ஈரம் பட்டால் இன்னும் பரவும்.